பிரைம் மூவரின் வேக வரம்பு: மாற்ற எவ்வளவு, மாற்றிய பிறகு எவ்வளவு

2015 ஏப்ரல் 6-ஆம் திகதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கனரக வாகனங்களின் வேக வரம்பு உயர்ந்தது. 7.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகள், ட்ரெய்லர் இழுக்கிற பெரிய வண்டிகள் உட்பட, நடுவில் பிரிப்பு இல்லாத வீதிகளில் அதுவரை மணிக்கு 40 மைல்தான் (64 கிலோமீட்டர்) போகலாம். அது 50 மைல் (80 கிலோமீட்டர்) ஆனது. நடுவில் பிரிப்புள்ள அகலமான வீதிகளில் 50 மைலாக இருந்தது 60 ஆனது. முந்திய வருடம் ஜூலையில் இதை அறிவித்தபோது, போக்குவரத்துத் தொழிலுக்கு ஆண்டுக்குச் சுமார் 11 மில்லியன் பவுண் மிச்சமாகும் என்று அந்த நாட்டு அரசு கணக்குச் சொன்னது.

கொழும்பில் புளூமெண்டல் வீதி, கிராண்ட்பாஸ், ஒருகொடவத்தைப் பக்கம் கன்டெய்னர் வண்டி ஓட்டுகிறவர்களிடம் இந்தச் செய்தி இன்னும் பேச்சில் இருக்கிறது. "அங்கே கூட்டினார்கள், ஒன்றும் கெட்டுப்போகவில்லையே அண்ணே. இங்கேயும் கூட்டினால் அரசாங்கத்துக்கு என்ன நட்டம்? போர்டு மாற்றுகிற காசுதானே" என்று பிரைம் மூவர், அதாவது கன்டெய்னர் ட்ரெய்லரை முன்னால் இழுக்கிற வண்டி, ஓட்டுகிற ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நான் கொள்கலன் போக்குவரத்துக் கணக்குகளோடு புழங்குகிறவன். வண்டி ஒரு ட்ரிப் கூடுதலாக ஓடினால் யாருக்குச் சோறு கூடும் என்று எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் குடியிருக்கிறவனும்கூட. பிள்ளைகள் பாடசாலைக்குப் போகும் வீதியைத்தான் அந்த வண்டிகளும் கடக்கின்றன. ஆகவே இந்தக் கேள்விக்கு ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அவர் பேச்சில் இரண்டு விடயம் இருக்கிறது. ஒன்று, மாற்றுவதன் செலவு போர்டுச் செலவுதான் என்பது. மற்றது, இங்கிலாந்தில் நடந்தது இங்கேயும் அப்படியே நடக்கும் என்பது.

கம்பத்தில் இல்லாத வரம்பு

வேக வரம்பில் இரண்டு சாதி உண்டு. முதலாவது கம்பத்தில் தொங்குவது. இந்த வீதியில், இந்த இடத்திலிருந்து, எல்லாருக்கும் இவ்வளவு என்று சொல்வது. இரண்டாவது சட்டப் புத்தகத்தில் இருப்பது. காருக்கு இவ்வளவு, லொறிக்கு இவ்வளவு, ட்ரெய்லர் இழுத்தால் இவ்வளவு என்று வண்டியின் வகையைப் பார்த்துச் சொல்வது.

முதல் வகையை மாற்றினால் செலவு கண்ணுக்குத் தெரியும். வேல்ஸ் 2023 செப்டம்பர் 17-ஆம் திகதி குடியிருப்பு வீதிகளின் பொது வரம்பை 30 மைலிலிருந்து 20 மைலாக இறக்கியது. அதற்கு ஆன பொதுச் செலவு சுமார் 32 மில்லியன் பவுண். பெரும்பாலும் பலகைகள், வீதியில் எழுதிய எழுத்துகள், சட்ட ஆணைகள், விளம்பரம். அயர்லாந்து 2005 ஜனவரி 20-ஆம் திகதி மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறியபோதும் நாடு முழுக்கப் பல்லாயிரம் பலகைகளை மாற்ற வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் வாகனங்களுக்கு 55 மைல் என்று நெடுஞ்சாலை ஓரத்திலேயே தனிப் பலகை இருக்கிறது. அங்கே அந்த எண்ணை மாற்றினால் பலகையும் மாற வேண்டும்.

2015-இல் இங்கிலாந்து மாற்றியது இரண்டாவது வகை. அங்கே நகருக்கு வெளியே நிற்பது வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை. அதில் எண் கிடையாது. உன் வண்டிக்குச் சட்டம் என்ன வரம்பு வைத்திருக்கிறதோ அதுவரை போகலாம் என்பதுதான் அதன் அர்த்தம். எனவே சட்டத்தில் எண் மாறியது, கம்பத்தில் ஒன்றும் மாறவில்லை. இலங்கையிலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். நகர்ப்புறத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர், வெளியே 70, அதிவேகப் பாதையில் 100 என்று கார்களுக்கு இருக்கிறது. முச்சக்கர வண்டி, பாரவூர்தி, உழவு இயந்திரம் போன்றவற்றுக்கு வகைவாரியாகத் தனி வரம்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதி எழுதி, வர்த்தமானியில் மூன்று மொழியிலும் போட்டால் எண் மாறிவிடும்.

அதோடு வரும் நேரடிச் செலவைப் பார்ப்போம். சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையின் கேள்வித் தாள்கள் மாற வேண்டும். கனரக இணைப்பு வண்டிக்கான சீஈ வகுப்பு வைத்திருப்பவர்களுக்கு அறிவிக்க வேண்டும். போக்குவரத்துப் பொலிசாருக்குச் சுற்றறிக்கையும் பயிற்சியும் தர வேண்டும். வானொலி, தொலைக்காட்சி அறிவிப்பு வேண்டும். இதில் தமிழ் அறிவிப்பை நான் தனியாகவே எழுதுவேன். கன்டெய்னர் வண்டிகளில் சாரதியாகவும் உதவியாளராகவும் மலையகத்திலிருந்தும் வட கிழக்கிலிருந்தும் வந்த தமிழ் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அறிவிப்பு அவர்கள் மொழியில் அதே நாளில் வராவிட்டால் முதல் மாதத் தண்டப்பணம் அவர்கள் தலையில்தான் விழும். எல்லாம் சேர்த்தாலும் ஒரு பாலத்தைத் திருத்துகிற காசுகூட வராது. தம்பி சொன்னது இதுவரைக்கும் சரி.

எனக்குப் பயம் பிடிப்பதும் இதே இடத்தில்தான். வேல்ஸில் 32 மில்லியன் என்று பில் முன்னாலேயே வந்து நின்றதால் நாடு முழுக்க அதைப் பற்றிச் சண்டை பிடித்தது. பில் சிறியதாக இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை, கையெழுத்து சுலபமாக விழும்.

ஸ்கொட்லாந்து இதை வேறு விதமாகச் செய்தது. 2015 மாற்றத்தை அது அப்படியே ஏற்கவில்லை. பேர்த்துக்கும் இன்வர்னெஸுக்கும் நடுவே ஏ9 என்ற ஒரே வீதியில் மட்டும், 2014 ஒக்டோபரிலிருந்து, லொறிகளுக்கு 50 மைல் என்று பரீட்சார்த்தமாக விட்டது. அதே நாளில் அந்த வீதியில் சராசரி வேகம் அளக்கும் கமராக்களும் வேலை செய்யத் தொடங்கின. அவற்றுக்கு ஆன செலவு சுமார் 2.5 மில்லியன் பவுண். ஒரு கமராவுக்கு முன் பிரேக் பிடித்துவிட்டு அதைத் தாண்டியதும் ஓடுகிற வேலை அங்கே நடக்காது. இரண்டு கமராவுக்கும் நடுவே எடுத்த நேரத்தை வைத்துத்தான் வேகம் கணிக்கப்படும். லொறியின் வரம்பைக் கூட்டுவதற்கு உண்மையான விலை என்ன என்று கேட்டால், ஒரு வீதிக்குரிய விலை இது.

அங்கே ஏன் பிழைத்தது

இங்கிலாந்தில் வீதிப் பாதுகாப்புக்காகப் போராடும் அமைப்புகள் இந்த மாற்றத்தை எதிர்த்தன. பின்னர் அரசு செய்வித்த மதிப்பாய்வு, லொறி சம்பந்தப்பட்ட விபத்துகள் கூடியதாகக் காட்டவில்லை. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஏன் கூடவில்லை என்று பார்க்க வேண்டும்.

பழைய 40 மைல் வரம்பை அங்கே நான்கில் மூன்று பங்கு லொறிகள் ஏற்கெனவே மதிக்கவில்லை. பல வருடமாக 45, 48 என்று போய்க்கொண்டிருந்த வண்டிகளுக்குச் சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். வரம்பு 10 மைல் கூடியபோது உண்மையான சராசரி வேகம் அதில் ஒரு சிறு பங்குதான் கூடியது.

இரண்டாவது, வண்டிக்குள்ளேயே ஒரு பூட்டு. அந்த நாட்டில் கனரக லொறிகளில் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம். அது சுமார் 56 மைல். அகலமான வீதியில் சட்டம் 60 என்று சொன்னாலும் வண்டி 56-ஐத் தாண்டாது. அப்படிப் பார்த்தால் அந்தப் பாதி மாற்றம் காகிதத்தில்தான் முழுமையாக நடந்தது. இதோடு டாகோகிராஃப் என்ற பதிவுக் கருவி சாரதி எத்தனை மணி நேரம் ஓட்டினார், எவ்வளவு வேகத்தில் ஓட்டினார் என்பதை எழுதி வைக்கும். விதிமீறல் சேர்ந்துகொண்டே போனால் முதலாளியின் தொழில் உரிமமே பறிபோகலாம். இந்த ஏற்பாடுகள் எல்லாம் 2015-க்கு முன்பே காசு கொடுத்துக் கட்டி முடித்தவை. அதனால்தான் 2015-இன் கணக்கில் அவை செலவாகத் தெரியவில்லை.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். அந்த வீதிகளில் ஆக மெதுவாகப் போனது லொறி. காருக்கு 60 மைல், லொறிக்கு 40. இருபது மைல் இடைவெளி. பின்னால் ஏழெட்டுக் கார்கள் தேங்கி நிற்கும், பொறுமை இழந்த ஒருவர் எதிர்த் தடத்தில் ஏறி முந்துவார், நேருக்கு நேர் மோதுவார். லொறியின் வேகத்தைக் காருக்குக் கிட்டக் கொண்டுவந்தால் முந்துகிற ஆசை குறையும் என்பதே அரசின் வாதம். வேகத்தைப் போலவே வேக வித்தியாசமும் ஆபத்து என்பது வீதிப் பொறியியலில் பல பத்தாண்டுகளாகப் பேசப்படுகிற விடயம். அந்த வீதிக்கு அந்த வாதம் பொருந்தும்.

கொழும்பில் ஆக மெதுவாகப் போவது யார்

சரி, அந்த வாதத்தைத் துறைமுகத்திலிருந்து வெளியே கொண்டுவந்து பார்ப்போம். இங்குருக்கடைச் சந்தி, ஒருகொடவத்தை, பேலியகொடை, பிறகு நீர்கொழும்பு வீதியில் வத்தளை, மகாபாகே, கந்தானை, ஜா-எல, சீதுவை. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்குக் கொள்கலன் போகும் பழைய வழி இது. அந்த வலயம் 1978-இல் தொடங்கிய நாளிலிருந்து போகும் வழி. இந்த வீதியில் பிரைம் மூவரைவிட மெதுவாகப் போகிறவர்கள் யார்? முச்சக்கர வண்டி. சைக்கிள். மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள். புறக்கோட்டைப் பக்கம் வந்தால் வண்டி தள்ளுகிற நாட்டாமைமார். இவர்களுக்கெல்லாம் மேலாக, குறுக்கே கடக்கிற மனிதர்.

இங்கிலாந்தில் லொறியின் வேகத்தைக் கூட்டியபோது இடைவெளி சுருங்கியது. இங்கே கூட்டினால் இடைவெளி விரியும். முச்சக்கர வண்டியின் வரம்பு அப்படியே இருக்க, அதன் பின்னால் வருகிற 35 தொன் பாரத்தின் வரம்பு மட்டும் ஏறும். அதே மருந்து, ஆனால் நோயாளி வேறு.

பகலில் இது பெரிய விடயமில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு வத்தளையில் வரம்பு 50 என்றாலும் 90 என்றாலும் வண்டி ஊரத்தான் போகிறது. நெரிசலில் சட்ட எண்ணுக்கு வேலை இல்லை. கொள்கலன்கள் வேகமெடுப்பது இரவில், வீதி காலியான பிறகு. பேலியகொடை மத்திய மீன் சந்தை விழித்திருப்பதும் அதே நேரம். விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஈர வீதி, ஐஸ் பெட்டி, தலையில் கூடை, அரைத் தூக்கத்தில் முச்சக்கர வண்டிச் சாரதி. வரம்பு மாற்றம் உண்மையில் வேலை செய்யப்போவது இந்த நேரத்தில், இந்த இடத்தில், இந்த மனிதர்கள் மத்தியில்.

பிரேக் கணக்கையும் போட்டுவிடலாம். சாரதிக்கு ஆபத்தைக் கண்டு கால் வைக்க ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்வோம். பாரம் ஏற்றிய ட்ரெய்லர், உலர்ந்த வீதி, பிரேக் எல்லாம் ஒழுங்கு. விநாடிக்கு விநாடி 4 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று எடுப்போம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்த வண்டி ஏறக்குறைய 60 மீட்டரில் நிற்கும். 80-இல் வந்த வண்டிக்கு 95 மீட்டர் வேண்டும். 35 மீட்டர் வித்தியாசம்தானே என்று நினைக்கக்கூடாது. முதல் வண்டி நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் சுமார் 60 கிலோமீட்டர். ஒருவருக்கு மயிரிழையில் தப்பிய கதை, மற்றவருக்கு மரண விசாரணை. மோதலில் இறங்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் 60-க்கும் 80-க்கும் நடுவே அது 78 சதவீதம் கூடுகிறது. இது நல்ல பிரேக்குக்குப் போட்ட கணக்கு. ட்ரெய்லரின் பின் அச்சில் பிரேக் பிடிக்காமல், முன்னால் இழுக்கிற வண்டி மட்டும் பிடித்தால் வண்டி கத்தி மடிகிற மாதிரி நடுவில் மடங்கிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு விதி இருக்கிறது. ஒரு வீதியின் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் ஆபத்து ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். வீதிப் பாதுகாப்பு ஆய்வாளர் யோரான் நில்சன் சுவீடனில் நடந்த வரம்பு மாற்றங்களை வைத்துக் கட்டிய சூத்திரத்தின் சாரமும் இதுதான்: உயிரிழப்பு ஆபத்து வேகத்தின் நான்காம் அடுக்கோடு ஏறும். வரம்பு 60-இலிருந்து 70 ஆகி, வண்டிகளின் உண்மையான சராசரி வேகம் 60-இலிருந்து 63 மட்டும் ஆனால்கூட, அதாவது 5 சதவீதம் கூடினாலே, அந்த வண்டிகளால் வரும் உயிரிழப்பு ஆபத்து ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஏறும். வீதிக்கு வீதி இது மாறும். திசை மாறாது.

பில் போய்ச் சேரும் இடங்கள்

இலங்கையில் ஆண்டுதோறும் 2,000-க்கும் அதிகமானோர் வீதி விபத்தில் சாகிறார்கள். காயப்பட்டு வருகிறவர்களைக் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு காசு வாங்காமல் எடுக்கிறது. அது இந்த நாட்டின் பெருமை, அதை நான் மனதாரச் சொல்கிறேன். இலவசம் என்றால் செலவு இல்லை என்று பொருளில்லை. இரத்தம், சத்திரசிகிச்சை, தீவிர சிகிச்சைக் கட்டில், பிறகு மாதக்கணக்கில் உடற்பயிற்சிச் சிகிச்சை எல்லாவற்றுக்கும் வரிப்பணம் போகிறது. உழைக்கிறவர் போய்விட்டால் வீட்டுக்காரி அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவிக்கு விண்ணப்பம் எழுதுவார். அதுவும் அரசின் செலவுதான். ஆனால் இவை எதுவும் 'வேக வரம்பு மாற்றம்' என்ற தலைப்பின் கீழ் ஒரு கோப்பிலும் வராது. சுகாதார அமைச்சின் கணக்கில் ஒரு துண்டு, சமூக நலத்தில் ஒரு துண்டு, நீதிமன்றத்தில் ஒரு துண்டு. ஒரே மேசையில் வைத்துக் கூட்டிப் பார்க்க யாருக்கும் கடமை இல்லாததால் மாற்றம் மலிவாகத் தெரிகிறது.

தண்டப்பணத்திலும் ஒரு மாற்றம் வரும். 2018 நடுப்பகுதியில் திருத்திய ஏற்பாட்டின்படி வேக மீறலுக்கான தண்டம் வரம்பை எத்தனை சதவீதம் தாண்டினாய் என்பதைப் பொறுத்தது. 20 சதவீதம் வரை 3,000 ரூபாய், 30 வரை 5,000, 50 வரை 10,000, அதற்கு மேல் 15,000. ஒரு கணக்குக்கு வரம்பு 60 என்று வைத்தால் 75-இல் போன வண்டி 25 சதவீதம் தாண்டியது, 5,000 ரூபாய். வரம்பு 70 ஆனால் அதே வேகம் 7 சதவீத மீறல்தான், 3,000 ரூபாய். வண்டி ஓடிய விதத்தில் ஒரு மாற்றமும் இல்லை, தண்டனை மட்டும் இளகிவிட்டது. திறைசேரிக்குப் போகாத 2,000 ரூபாயைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 75-இல் போவது இனிமேல் சின்னக் குற்றம் என்று சாரதிக்குப் போகிற செய்தியைப் பற்றித்தான் கவலை.

டீசலும் இருக்கிறது. அதே தூரம் போக, காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் 80-இல் போகிற வண்டிக்கு 60-இல் போகிறதைவிட 78 சதவீதம் அதிக சக்தி வேண்டும். கன்டெய்னரின் முகம் தட்டையான சுவர் என்பதால் இது சின்ன விடயமே இல்லை. அந்த டீசலைத் தனியார் வாங்கினாலும் டொலர் நாட்டுடையது. 2022-இல் எரிபொருளுக்காகக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அமெரிக்கா 1974 ஜனவரியில் நாடு முழுக்க 55 மைல் வரம்பு கொண்டுவந்ததே எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்காகத்தான்.

வீதிச் சேதத்தில் மட்டும் நான் எதிர்ப் பக்கத்துக்காகப் பேச வேண்டும். வேகம் கூடினால் தார் வீதி சீக்கிரம் கெடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. தார் வெயிலில் இளகும் பொருள். பாரமான சக்கரம் அதன்மேல் எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவு ஆழமாகத் தடம் விழும். சந்திகளிலும் சமிக்ஞை விளக்குகளுக்கு முன்னாலும் வீதி வாய்க்கால் மாதிரிக் குழிந்திருப்பது அதனால்தான். கரடுமுரடான வீதியில் வேகமாகப் போனால் சக்கரம் குதித்துக் குத்துவது உண்மை. ஆனால் வீதியைக் கொல்வது முதலில் அதிக பாரம், அதற்குப் பிறகுதான் வேகம். அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லொறிகளை ஓடவிட்டுச் செய்த புகழ்பெற்ற பரீட்சையிலிருந்து எடுத்த முடிவின்படி, அச்சின் பாரம் இரு மடங்கானால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. ஆகவே வீதி அபிவிருத்தி அதிகார சபையின் திருத்தச் செலவை வேக வரம்பின் தலையில் நான் கட்டமாட்டேன்.

மிச்சமாகும் ஆறரை நிமிடம்

செலவைச் சொன்னால் வரவையும் சொல்ல வேண்டும். வரம்பு கூடினால் உண்மையிலேயே நேரம் மிச்சமாகக்கூடிய இடம் கொழும்பு–கட்டுநாயக்க அதிவேகப் பாதை மாதிரி வீதிதான். 2013 ஒக்டோபரில் திறந்தது, நீளம் 25.8 கிலோமீட்டர். முச்சக்கர வண்டி இல்லை, குறுக்கே கடக்கிறவர் இல்லை, எதிரே வருகிற வண்டி இல்லை. அங்கே ஒரு ட்ரெய்லர் 60-இல் போனால் முழு நீளத்துக்கும் 25 நிமிடம் 48 விநாடி. 80-இல் போனால் 19 நிமிடம் 21 விநாடி. வித்தியாசம் ஆறரை நிமிடம். கட்டணம் கொடுத்து ஏறினால் கிடைப்பது அவ்வளவு.

இந்த ஆறரை நிமிடத்தை ஒரு கொள்கலனின் நாளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துறைமுக வாசலில் வரிசை. ஆவணம் சரிபார்ப்பு. கிரேன் வரும்வரை காத்திருப்பு. சுங்கப் பரிசோதனைக்கு எடுத்தால் அது ஒரு தனி நாள். நெரிசல் நேரத்தில் நகருக்குள் ஓட முடியாமல் ஓரங்கட்டி நிற்கும் மணித்தியாலங்கள். பிறகு வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு வரிசை. மணிக்கணக்கில் போகிற நேரத்தில் ஆறு நிமிடம் மிச்சமானால் ட்ரிப் எண்ணிக்கை கூடாது. சாரதி ஆறு நிமிடம் முன்னதாகப் போய் அடுத்த வரிசையில் நிற்பார். இங்கிலாந்தின் 11 மில்லியன் பவுண் கணக்கு ஆயிரக்கணக்கான லொறிகள் நாள் முழுக்க நீண்ட வீதிகளில் ஓடுகிற நாட்டின் கணக்கு. எங்கள் வண்டிகளின் வாழ்க்கையில் பாதி நிற்பதில் போகிறது.

இங்கே பல சாரதிகளுக்குச் சம்பளம் ட்ரிப் கணக்கில்தான். வாசலில் மூன்று மணி நேரம் போனால் அந்த நட்டம் அவருடையது. அதை வீதியில் பிடிக்கப் பார்ப்பார், பாவம், வேறு வழி இல்லை. அவரிடம் வரம்பைக் கூட்டிக் கொடுத்தால் வரிசையில் வீணான நேரத்தின் கடனை வீதியில் போகிற மற்றவர்கள் அடைப்பதாகிவிடும். துறைமுகத்துக்குள் வண்டிகளுக்கு நேரம் ஒதுக்கி, சொன்ன நேரத்தில் பெட்டியைக் கொடுக்கிற ஏற்பாட்டுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வேக வரம்பு தரக்கூடியதைவிட அதிக நிமிடங்களைத் தரும். ஆட்களுக்கும் ஆபத்து இல்லை.

சிலர் மறுபக்கம் நின்று, இரவு நேரத்தில் ட்ரெய்லர்களின் வரம்பை இன்னும் குறைக்க வேண்டும் என்கிறார்கள். அதுவும் இலவசமில்லை. கண்காணிக்க ஆளும் கருவியும் இல்லாமல் எண்ணை மட்டும் இறக்கினால், இங்கிலாந்தின் பழைய 40 மைல் மாதிரி நான்கில் மூன்று பேர் மீறுகிற சட்டம் ஒன்று கிடைக்கும். சட்டத்தை மதிக்கிற சாரதி நேரமும் காசும் இழப்பார், மீறுகிறவர் சம்பாதிப்பார்.

ஜெர்மனி யாரிடம் காசு வாங்கியது

எனக்குப் பிடித்த ஏற்பாடு ஜெர்மனியுடையது. அங்கே ட்ரெய்லர் இழுக்கிற கார்களுக்கும் சிறிய வாகனங்களுக்கும் நெடுஞ்சாலையில் வரம்பு 80 கிலோமீட்டர். 1998-இல் ஒரு விதிவிலக்கு ஒழுங்குவிதி கொண்டுவந்தார்கள். வேண்டுமானால் 100 வரை போகலாம், ஆனால் எல்லாருக்கும் இல்லை. இழுக்கிற வண்டி 3.5 தொன்னுக்கு மேற்படக்கூடாது, அதில் சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் முறை வேண்டும். ட்ரெய்லரின் டயர் ஆறு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது, அந்த வேகத்தைத் தாங்குகிற தரத்தில் இருக்க வேண்டும். இழுக்கிறதன் எடைக்கும் இழுபடுகிறதன் எடைக்கும் விகிதம் சரியாக இருக்க வேண்டும். இதையெல்லாம் பரிசோதித்து, பதிவு செய்து, ட்ரெய்லரின் பின்னால் 100 என்ற முத்திரை ஒட்டிக்கொண்ட பிறகுதான் போகலாம். பரிசோதனைக் கட்டணம் சொந்தக்காரருடையது.

வரம்பு கூடுவதால் இலாபம் யாருக்கோ, பாதுகாப்புக்கான செலவும் அவருக்கே. பொதுப் பணத்திலிருந்து போவது கொஞ்சம்தான். முத்திரை பின்னாலேயே இருப்பதால் பொலிசாருக்கும் தூரத்திலிருந்தே தெரியும்.

இதைக் கொழும்புக்கு அப்படியே தூக்கிவர முடியாது, அது சிறிய வாகனங்களுக்கான விதி. ஆனால் கொள்கையை எடுக்கலாம். கனரக வாகனங்களுக்கு இங்கே ஏற்கெனவே தகுதிச் சான்றிதழ் நடைமுறை இருக்கிறது. அதிவேகப் பாதையில் கூடுதல் வேகம் வேண்டும் என்கிற கம்பனி, தன் வண்டியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டி முத்திரை வைக்கட்டும். ட்ரெய்லருக்குத் தனியாகப் பிரேக் பரிசோதனை காட்டட்டும். டேக் போட்ட, அதாவது மேலே புதுத் தோல் ஒட்டிய, பழைய டயரை இழுவைப் பெட்டியின் அடியில் ஒளித்து ஓட்டுகிற வழக்கத்தை விடட்டும். கன்டெய்னரை ட்ரெய்லரோடு பூட்டுகிற நான்கு மூலை ட்விஸ்ட் லாக்கும் வேலை செய்கிறதா என்று பார்க்கட்டும். பூட்டாத பெட்டி வளைவில் சரிந்து பக்கத்தில் போனவர் மேல் விழுகிற விபத்துக்கு வேகம் பாதிக் காரணம், பூட்டு பாதிக் காரணம். பரிசோதனைக் கட்டணத்தைக் கம்பனி கட்டட்டும். அந்த முத்திரை உள்ள வண்டிக்கு, அதிவேகப் பாதையில் மட்டும், கூடுதல் வரம்பு. நீர்கொழும்பு வீதியிலும் நகருக்குள்ளும் பழைய எண்ணே இருக்கட்டும்.

இதற்கு அரசு போட வேண்டிய காசு இரண்டு இடத்தில். ஒன்று, ஸ்கொட்லாந்து ஏ9-இல் போட்டது மாதிரி சராசரி வேகக் கமரா. அதிவேகப் பாதையில் இது சுலபம். நுழைகிற வாசலும் வெளியேறுகிற வாசலும் குறிப்பிட்டவை, நேரம் பதிவாகிறது, தூரம் தெரியும். மற்றது, வர்த்தமானிக்கு முன்பு அளவெடுப்பது. பேலியகொடை, வத்தளை, ஜா-எல என்று மூன்று இடத்தில், இரவு பத்து மணியிலிருந்து விடியற்காலை ஐந்து மணி வரை, ஒரு மாதம், ட்ரெய்லர்களின் வேகத்தையும் முச்சக்கர வண்டிகளின் வேகத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும். அதிவேகப் பாதையிலும் அதே மாதிரி. இங்கே ட்ரெய்லர்கள் இப்போது எந்த வேகத்தில் ஓடுகின்றன என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் எண்ணைப் பற்றிப் பேச வேண்டும். அளவெடுக்கும் செலவை எந்த நிறுவனத்தின் வரவுசெலவில் போடுவது என்பதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம், வீதி அபிவிருத்தி அதிகார சபை, பொலிஸ், துறைமுக அதிகார சபை நான்கும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து தீர்மானிக்கலாம். சுகாதார அமைச்சிலிருந்தும் ஒருவரை அழைக்க வேண்டும், ஏனென்றால் மிச்சப் பில் அங்கேதான் போகிறது.